சராசரி என்றோர் இடம்

என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு டிபன் டப்பாவின் மூடி இருக்கிறது. டப்பா இல்லை, மூடி மட்டும். எவர்சில்வர் மூடியை மல்லாத்தி, உள்பக்கத்தில் கரித்தூள் கலந்த சிலிக்கோனை ஊற்றி உறைய வைத்திருக்கிறது. பார்க்கத் தார்ச்சாலை போலக் கறுப்பு, தொட்டால் அழிரப்பர் போல மெத்தென்று இருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த ஒரு புள்ளி. வெளிப்பக்கத்தில், பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொடுத்த எழுத்துகள்: ஒரு முதலெழுத்து, ஒரு பெயர், அதன் கீழே கோவளம் என்று ஊர். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், யாரோ சாப்பிட்டு மறந்துபோன மூடி என்று நினைத்துத் தொட்டியில் கழுவப் போட்டுவிடுகிறார்கள். அதனால் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘கழுவ வேண்டாம். இது கருவி.’

அந்தப் பெயருக்கு உரியவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். எனக்கு முன்னால் சேர்ந்த ஆய்வு மாணவி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் நலமாக இருக்கிறார். ஒருவரை நினைவுகூர்ந்து எழுதினால் அவர் படத்துக்கு மாலை விழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் எழுதக் காரணம் வேறு. எங்கள் வாசலில் உள்ள டீக்கடையில் இன்றும் அவரை ‘அந்தச் சண்டைக்காரி’ என்று சொல்கிறார்கள். சண்டை எதற்காக என்று கேட்டால், சொல்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியும். நான் அந்த அறையில் இருந்தேன்.

ஆய்வகம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் திரும்பும் இடத்தில் இருக்கிறது. நான் செங்கல்பட்டிலிருந்து வருகிறவள். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ், மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். அக்கா எதிர்ப்பக்கம், கோவளத்திலிருந்து வருவார். உப்புக் காற்றில் எங்கள் இடுக்கிகளின் நுனி துருப்பிடிக்கும், கதவுகளின் கீல் இறுகும், ஈக்கள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பெருகும். நாங்கள் வளர்ப்பது பழ ஈ. வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அதே பொடி ஈ. சோளமாவும் வெல்லமும் ஈஸ்டும் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றிய கூழின்மேல் அவை வாழும். அந்தப் புளித்த வாடை உடுப்பில் ஏறிவிடும். சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கொஞ்ச தூரம் காலியாகவே வரும்.

ஈயின் குடலை வெளியே எடுத்து நீட்டினால் ஏறக்குறைய ஓர் அரிசியின் நீளம் இருக்கும். நான் எதையும் வரிசைப்படுத்தியே மனத்தில் வைப்பவள், ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வாசல், உணவுக்குழல் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு குமிழ். அடுத்து நடுக்குடலின் முன்பகுதி. பிறகு அமிலம் சுரக்கும் குறுகிய பகுதி. பிறகு நீண்ட பின்பகுதி. அது முடிகிற இடத்தில் சிறுநீர்க் குழல்கள் மெல்லிய நூல்களாகப் பிரியும். கடைசியில், கழிவு தங்கும் இன்னொரு குமிழ். ஈ எதைத் தின்றாலும் அதோடு பாக்டீரியாவும் உள்ளே போகிறது. ஆகாதது வந்தால், குடல் சுவரின் செல்களில் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கும். குடல் நெடுக எல்லா இடத்திலும் அவை ஒரே மாதிரி விழிக்கின்றனவா என்பதுதான் அக்காவின் கேள்வி.

அழுகிய சப்போட்டாவிலிருந்து பிரித்தெடுத்த, அவ்வளவாக உக்கிரமில்லாத ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஈக்களுக்குக் கொடுத்திருந்தார். பிறகு எங்கள் ஆய்வக வழக்கப்படி, குடல்களை முழுசாக ஒரு குழாயில் போட்டு அரைத்து, அந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தார். பாக்டீரியா தின்ற ஈக்கும் தின்னாத ஈக்கும் வித்தியாசமே இல்லை. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை நாங்கள் சார் என்போம். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சராசரியா பாத்தா ஒண்ணும் நடக்கலம்மா. நடக்கலைன்னு எழுதிடு, அதுவும் ஒரு ரிசல்ட்தானே,” என்றார்.

அக்காவுக்கு அது ஒப்பவில்லை. வாசல் சின்னது, பின்பகுதி பெரியது. இரண்டையும் சேர்த்து அரைத்தால், சின்னதின் கூச்சல் பெரியதின் அமைதியில் அமுங்கிப்போகும். வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டுவதற்குக் குடல் கண்ணில் பட வேண்டும். கண்ணாடித் தட்டில் வெள்ளைக் குடல் இருக்கும் இடமே தெரியாது. கறுப்புத் தட்டு வேண்டும் என்று எழுதிப்போட்டார், அது வருகிற வழியாக இல்லை. ஒரு மதியம் தயிர்சாதத்தை முடித்துவிட்டு, தன் டப்பாவின் மூடியைக் கழுவித் துடைத்து, மேசைமேல் மல்லாத்தி வைத்துச் சிலிக்கோனைக் கலக்க ஆரம்பித்தார். நான் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

“என்னக்கா பண்றீங்க?”

“மூடிக்கு புரொமோஷன் குடுத்துகினு கீறேன். நீ கரித்தூள அள்ளு.”

அன்றிலிருந்து அவர் டப்பாவுக்கு அல்வாப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடிதான். அது சரியாகப் பொருந்தாது, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கொண்டுவருவார். சாம்பார் வைத்த நாளில் பை, குறிப்பேடு, துப்பட்டா எல்லாம் சாம்பார். வேறு மூடி வாங்கலாமே என்று கேட்டேன். “அந்த மூடிதான் இந்த டப்பாவோட மூடி. மத்ததெல்லாம் வாடகைக்கு இருக்குது,” என்றார்.

கறுப்புத் தட்டில் குடல் பளிச்சென்று தெரிந்தது. உப்புக் கரைசல் ஒரு சொட்டு, அதில் குடல், இன்சுலின் ஊசியின் நுனியால் வெட்டு. நூறு ஈக்களின் வாசல்களும் முன்பகுதிகளும் ஒரு குழாயில், பின்பகுதிகள் வேறு குழாயில். அளந்தபோது வாசலும் முன்பகுதியும் கொதித்துக்கொண்டிருந்தன, கிருமியைக் கொல்லும் மரபணுக்கள் அங்கே முழு மூச்சில் வேலை செய்தன. பின்பகுதியில் அதே மரபணுக்கள் வழக்கத்தைவிடவும் அடங்கி இருந்தன. ஆனால் அது தூக்கமல்ல. வேறு வகை மரபணுக்கள் அங்கே விழித்திருந்தன. பாக்டீரியாச் சுவரின் உடைந்த சில்லுகளை மேலும் நொறுக்கி, அபாய மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அந்த இடத்தில் எந்நேரமும் சண்டை மூண்டால் குடலின் சுவரே பழுதாகிவிடும். முன்னால் மோதலும் பின்னால் அடக்கமும் ஒரே நேரத்தில், ஓர் அரிசி நீளத்துக்குள். இரண்டையும் சேர்த்து அரைத்துத்தான் ‘ஒண்ணும் நடக்கல’ என்று பெயர் வைத்திருந்தோம்.

இதை அவர் ஆய்வகக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியபோது, எங்களில் எல்லோருக்கும் மூத்த ஆய்வு மாணவர் முதலில் வாய் திறந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணா, அக்காவுக்கு மட்டும் அண்ணாத்த.

“கோவளத்துக் கை ஆச்சே, வெட்டாம இருக்குமா? வஞ்சிரம் மாதிரி துண்டு போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க சிஸ்டரு.”

அறை சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார்.

“அண்ணாத்த, எங்க நைனா மீன்புடி போட்டு இன்ஜின் மெக்கானிக்கு. மீனு நாங்களும் துட்டு குடுத்துதான் வாங்கறோம். வூட்ல மீன் ஆயறது எங்க அண்ணன். எனக்கு முள்ளு எடுத்து துண்ணவே ஒயுங்கா வராது. இன்னா, அடுத்த படம் காட்டட்டா, இல்ல நண்டு பத்தியும் எதுனா கேக்கணுமா?”

இந்த முறை அறை வேறு பக்கம் பார்த்துச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதை நான் மறைக்க மாட்டேன். “கையால வெட்றம்மா. நீ வெட்ற எடத்துலயே இன்னொருத்தரும் வெட்டுவாங்கன்னு என்ன நிச்சயம்?” இன்னொரு கை செய்து பார்க்கட்டும் என்று முடிவானது. அந்தக் கை அண்ணாவின் கை.

அண்ணாவின் அளவுகள் வந்தன. எல்லாம் தலைகீழ். வாசல் அடங்கிக் கிடந்தது, பின்பகுதி கொதித்தது. “பாத்தியாம்மா?” என்றார் சார், கோபமில்லாமல், வருத்தத்தோடுகூட. அக்கா அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அண்ணாவின் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணாத்த, ஈய எந்தப் பக்கம் புடிச்சு இழுத்தீங்க?”

“தலைப் பக்கம். ஏன்?”

“நூலு இருந்துச்சா?”

“அது அறுந்துடுச்சு. குமிழ் இருந்துச்சில்ல, அத வச்சு வாசல் எதுன்னு புரிஞ்சுகிட்டேன்.”

“ரெண்டு பக்கமும் குமிழ் கீதே, அண்ணாத்த!”

ஈ அறுக்கிறவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய பிழை அது. நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் எது பின்பக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். நூல் அறுந்துபோனால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குமிழ்தான் மிச்சம், வாசலும் கழிவறையும் ஒன்றுபோலத் தெரியும். அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியாதா என்றார். அக்கா வாதாடவில்லை. குடலின் வாசலில் மட்டுமே வேலை செய்யும் ஒரு மரபணு உண்டு. அண்ணாவின் குழாய்களில் மிச்சமிருந்ததை எடுத்து, எல்லோர் முன்னாலும் அதை மட்டும் அளக்கச் சொன்னார். ‘பின்’ என்று பெயர் ஒட்டிய குழாயில் அது இருந்தது, ‘முன்’ என்ற குழாயில் இல்லை. ஒட்டிய பெயரை நேராக்கியதும் அண்ணாவின் அளவுகள் அக்காவின் அளவுகளோடு பொருந்தி உட்கார்ந்தன. சார் கேட்ட இன்னொரு கை, தன்னை அறியாமலே சாட்சி சொல்லியிருந்தது.

“விடுங்க சிஸ்டர். ஈ தலைகீழா படுத்துகிச்சு, நான் இன்னா பண்ணட்டும்?” என்று அண்ணா எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். அக்கா என் பையிலிருந்த நகப்பூச்சைக் கேட்டு வாங்கி, மூடியின் இடப்பக்க விளிம்பில் ஒரு புள்ளி வைத்தார். ஈயின் முன்பக்கம் எப்போதும் புள்ளியைப் பார்க்க வேண்டும். அன்று முதல் அதுதான் சட்டம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சார் கெட்டவர் அல்லர், ஆனால் பல காலமாக முழுக்குடலையே அரைத்துக் கட்டுரை எழுதியவர். வெட்டினால்தான் உண்மை தெரியும் என்று ஒரு மாணவியின் ஆய்வேடு சொன்னால், அவருடைய பழைய வரைபடங்கள் எல்லாம் எழுந்து நின்று விளக்கம் கேட்கும். அந்த ஆண்டின் மதிப்பீட்டில் ஆய்வாளரின் தரம் என்ற இடத்தில் அவர் அக்காவுக்கு ஒரே ஒரு சொல் எழுதினார்: சராசரி. உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. செய்தி வந்த அன்று அக்கா அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். “பாரு, என்னையும் முழுசா போட்டு அரைச்சுட்டாரு,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கு வந்தது.

அதன் பிறகு, காலையில் கேளம்பாக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் விலங்கியல் வகுப்பு எடுத்துவிட்டு, மதியம் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை, யாராலும் வராதே என்று சொல்லவும் முடியவில்லை. ஆய்வேட்டை எழுதி முடித்துச் சாரின் மேசையில் வைத்தார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு எங்கும் போகாது. அது அந்த மேசையிலேயே, விசிறிக் காற்றில் மேல்தாள் படபடத்தபடி மாதக்கணக்கில் கிடந்தது. கடைசியில் சார் கூப்பிட்டார். நுண்ணோக்கிக்கு எண்ணெய் வாங்க நானும் உள்ளே நின்றிருந்தேன்.

“முழுக்குடல் சராசரிய முதல் இயல்ல போடும்மா. துண்டுகளப் பின்னிணைப்புல வச்சுக்கோ. இப்பவே கையெழுத்து போடறேன்.”

“முன்பகுதியக் கொண்டுபோய்ப் பின்னிணைப்புல போடச் சொல்றீங்களா, சார்?”

சார் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தார். அதை அடக்கிக்கொண்டார். “பிடிவாதம் உனக்கு எதுவும் கொடுக்காதும்மா.”

“ஒண்ணும் வேணாம் சார். வெட்டின குடலு வெட்டினாப்பல இருந்தா போதும்.”

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “வைவால நீயே பதில் சொல்லிக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன்,” என்றார். வாய்மொழித் தேர்வில் வழிகாட்டி துணைக்கு வராமல் போவது என்றால் என்ன என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் பார்ப்பது வழிகாட்டியின் முகத்தைத்தான். அவர் முகம் திரும்பியிருந்தால், இத்தனை ஆண்டு வேலையையும் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லிவிடலாம். உதவித்தொகை இல்லாத அக்காவுக்கு மறுபடி என்று ஒன்று கிடையாது.

வாய்மொழித் தேர்வு என்றால் எங்கள் பக்கத்தில் அது பாதி கல்யாணம். மாணவிதான் எல்லோருக்கும் சிற்றுண்டி தர வேண்டும், தேர்வாளருக்கும் வழிகாட்டிக்கும் பொன்னாடை போர்த்த வேண்டும். அக்கா முன்பே அறிவித்துவிட்டார்: பொன்னாடை கிடையாது, பஜ்ஜி உண்டு. அவர் அப்பா வெளுத்த சட்டை போட்டு, நகக்கண்ணில் போகாத கிரீஸோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் நீண்ட குடலைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, “இன்னாம்மா, ஈக்கு வயித்துவலியா?” என்றார்.

வந்திருந்த தேர்வாளர் வெளியூர்ப் பேராசிரியை. ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். சாரின் முகத்தைப் பார்த்தார், சார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“எல்லாரும் முழுக்குடல் சராசரி கொடுப்பாங்க. உங்க ஆய்வேட்டுல அது எங்கேயுமே இல்லையே. ஏன்?”

அக்கா ஒத்திகையில் தயாரித்து வைத்திருந்த பதிலை எனக்குத் தெரியும், எழுத்துத் தமிழில் ஆங்கிலம் கலந்து நான்கு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. திரையருகே போய்க் கையால் தொட்டுக் காட்டினார்.

“மேடம், வாசல் இங்க இருக்குது. முன்பகுதி இங்க. அமிலப் பகுதி இது. இது பின்பகுதி. எதக் கேட்டாலும் இப்பவே வெட்டி எடுத்துத் தரேன். சராசரின்னு ஒரு எடத்த மட்டும் என்னால வெட்டித் தர முடியாது. அப்டி ஒரு எடம் குடல்ல இல்ல.” சார் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சேர்த்துச் சொன்னார்: “எங்கயும் இல்ல மேடம்.”

சார் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பேராசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு, “நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்று அவரையே கேட்டார்.

“நான் வாயத் தொறக்கறதில்லன்னு சொல்லியிருக்கேன் மேடம்.” பிறகு அவரே, “தொறந்தாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது அக்காவின் அப்பா எழுந்து நின்றே கை தட்டினார். வராந்தாவில் சார், “பொன்னாடை இல்லையாம்மா?” என்று கேட்டார். “பஜ்ஜி கீது சார், சூடா கீது,” என்று தட்டை நீட்டினார் அக்கா. அவர் எடுத்துக்கொண்டார்.

அக்காவைச் சண்டைக்காரி என்கிறவர்களுக்காக ஒரு பட்டியல். ஏசி அறையில் இடம் தராதபோது அவர் சண்டை போடவில்லை. நுண்ணோக்கியில் அவருக்கு வரும் முறையை மாற்றி மாற்றிப் பிடுங்கியபோது போடவில்லை. மீன் என்ற கேலியை இரண்டாம் முறை காதிலேயே வாங்கவில்லை. ஓரிடத்தில்தான் போட்டார், அங்கே ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதைக் குடலின் முன்பகுதியோடும் பின்பகுதியோடும் ஒப்பிட்டு ஒருமுறை அவரிடமே அழகாகச் சொல்லிப் பார்த்தேன். “ஈக்கு ஈயோட வேலை. உனக்குப் பாடம் எடுக்கறதுக்கா அது குடல் வளத்து வச்சுகினு கீது?” என்று வெட்டிவிட்டார். ஆகவே ஒப்பிடவில்லை.

போகும்போது மூடியை என்னிடம் விட்டுவிட்டு, அல்வாப் பெட்டி மூடியோடே டப்பாவை எடுத்துப்போனார். இப்போது வேறு ஊரில் கொசுக் குடல் வெட்டுகிறார். அவ்வப்போது போன் வரும். முதல் கேள்வி எப்போதும், “இன்னாமே, மூடி பத்திரமா கீதா?”

சார் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே ஆய்வகத்தில், அதே ஈக்களோடு வேலை பார்க்கிறேன். இப்போது மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, மாதிரிகளை அனுப்பினால் முடிவு கணினிக்கு வந்துவிடும். இந்த வாரம், எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் குழுவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம், குழாய்கள் பெருகுகின்றன, முழுக்குடலாக அரைத்து அனுப்புங்கள், எங்களுக்குச் சராசரி போதும். கீழே ஒரு வரி: இதில் பிடிவாதம் வேண்டாம்.

நான் அக்காவைப் போலச் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. குரலை உயர்த்த எனக்கு வராது. அடக்கமாகவே எழுதினேன்: நான் வெட்டித்தான் அனுப்புவேன். சராசரி வேண்டுமென்றால், அது குடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிவித்தால், அங்கேயும் வெட்டி அனுப்புகிறேன்.

பதில் இன்னும் வரவில்லை. என் பெயரும் யாரோ ஒருவருடைய மதிப்பீட்டில் ஒரு சொல்லாகிக்கொண்டிருக்கலாம். ஆகட்டும். மூடியை முன்னால் இழுத்து வைக்கிறேன். அடியில் பொறித்த புள்ளி எழுத்துகள் விரலில் நெருடுகின்றன. உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, இன்றைய முதல் குடலை அதில் இறக்கி நீட்டுகிறேன். நூல்கள் அறுபடாமல் வந்திருக்கின்றன. முன்பக்கம், சிவப்புப் புள்ளியைப் பார்த்து.